பெண் குழந்தைக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர்

போன மாதம் எங்கள் காவாந்தண்டலத்துக்காரர் ஒருவர் போன் செய்தார். மகன் பாரீசுக்குப் பக்கத்தில் வேலையில் இருக்கிறான். அங்கேயே பெண் குழந்தை பிறந்திருக்கிறது. "அண்ணா, பேத்திக்கு அந்த ஊர்ப் பேராவே வைக்கலாம்னு பையன் சொல்றான். அஞ்சு நாளைக்குள்ள ஆபீஸ்ல பேர் குடுத்துடணுமாம். நீங்கதான் இத்தனை வருஷம் பொறப்பு இறப்பு ரிஜிஸ்தர் எழுதினவரு, ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

கிராம நிர்வாக அலுவலராக இருந்தபோது ஆயிரக்கணக்கில் பெயர் எழுதியிருக்கிறேன் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊரில் பெயருக்கு யார் அவசரப்பட்டார்கள்? 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி குழந்தை பிறந்ததை முதலில் பதிந்து கொள்ளலாம். பெயரை ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் தாமதக் கட்டணத்தோடு பதினைந்து வருஷம் வரை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றைக்கு வந்து "பேர் எழுதணுங்க" என்று நின்றவர்கள் எத்தனையோ பேர். அங்கே ஐந்தே நாள். அந்த அவசரத்தில் ஒரு பெயரைச் சொல்லி வைத்தேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தபோதுதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதலாமே என்று தோன்றியது. ஏனென்றால் தமிழ்ப் பெண்ணுக்கு பிரெஞ்சுப் பெயர் என்பது இன்றைக்கு நேற்று வந்த சமாசாரம் இல்லை.

முதலில் நம் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். நான் எழுதிய ரிஜிஸ்தர்களில் லூர்து மேரி என்ற பெயர் அடிக்கடி வரும். லூர்தம்மாள், லூர்து ராணி என்றும் வரும். ஆண்பிள்ளை என்றால் லூர்துசாமி. இது தமிழ்ப் பெயர் மாதிரியே பழகிவிட்டதால் எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. லூர்து என்பது பிரான்சின் தென்மேற்கு மூலையில், மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு சிறு ஊர். 1858-இல் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமிக்கு அங்கே ஒரு குகையில் மாதா காட்சி கொடுத்ததாகக் கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். அது நடந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை, புதுச்சேரிக்குப் பக்கத்தில் வில்லியனூரில் லூர்து மாதாவுக்குக் கோயில் எழும்பிவிட்டது. சுரூபம் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. நம் உத்திரமேரூருக்குக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால், வந்தவாசியைத் தாண்டி சேத்துப்பட்டில் ஒரு லூர்து மாதா கோயில் இருக்கிறது. தராஸ் என்ற பிரெஞ்சுக்காரச் சாமியார் கட்டியது. தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி அந்தப் பக்கத்து கிராமங்களில் பலர் கிறித்துவத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் பாரீசிலிருந்து வந்த மிஷன் சாமியார்கள்.

அதற்கு முன்னாலும் கிறித்தவப் பெயர்கள் இருந்தன. ஆனால் அவை தமிழாக மாறியவை. யோவானுக்கு அருளப்பன், பவுலுக்குச் சின்னப்பன், பேதுருவுக்கு ராயப்பன், பெண்களுக்கு ஆரோக்கியம், அருளாயி, ஞானம்மாள். பிறகு போர்த்துக்கீசிய வாசனையோடு சவேரி, சூசை, மதலேனம்மாள் என்று வந்தன. லூர்து மட்டும் ஒரு ஊரின் பெயர் நேராக வந்து ஒரு பெண்ணின் மேல் உட்கார்ந்த கதை. பழனி, திருப்பதி என்று நாம் பெயர் வைப்பதில்லையா, அதே வழக்கம்தான். ஊர்தான் கடல் கடந்த ஊர்.

பெரியவர்களுக்கு லூர்தம்மாள் சைமன் என்ற பெயர் நினைவிருக்கும். 1957-இல் குளச்சல் தொகுதியிலிருந்து ஜெயித்து காமராஜர் மந்திரிசபையில் உட்கார்ந்தவர். உள்ளாட்சித் துறை அவரிடம்தான் இருந்தது. 1958-ஆம் வருஷத்து சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் அவர் காலத்தில் வந்தது. உத்திரமேரூர்க்காரர்களான நாம் குடவோலையைப் பற்றி ஓயாமல் பெருமை பேசுகிறோம். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள், முப்பது குடும்பு, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுச் சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னது. எல்லாம் சரி. அந்த ஓலைகளில் ஒரு பெண்ணின் பெயரும் எழுதப்படவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு மேல் கழித்து, ஒரு பிரெஞ்சு ஊரின் பெயரைச் சுமந்த மீனவக் குடும்பத்துத் தமிழ்ப் பெண்மணி மாகாணத்துப் பஞ்சாயத்துக்களுக்கெல்லாம் மந்திரியாக இருந்தார். நம் ஊர்ப் பெருமையோடு இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இது பக்தியால் வந்த பெயர். வைத்தவர்களுக்கு பிரான்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. சர்க்கார் காகிதத்தில் யோசித்து, கையெழுத்துப் போட்டு பிரெஞ்சுப் பெயர் எடுத்துக்கொண்ட கதை வேறு. அது புதுச்சேரியில் நடந்தது.

1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் சண்டை நடந்தது. அயர் கூட் ஜெயித்தார், லாலி தோற்றார். அடுத்த ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. 1763-இல் நம் செங்கல்பட்டுச் சீமை கும்பெனிக்கு ஜாகீராகப் போயிற்று. வந்தவாசி வேறு மாதிரி முடிந்திருந்தால் நான் ரிஜிஸ்தரை பிரெஞ்சில் எழுதியிருப்பேனோ என்னவோ! பிறகு புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்கே திரும்பக் கிடைத்தாலும், ராஜ்யம் பிடிக்கிற பலம் போய்விட்டது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் என்று துண்டு துண்டான ஊர்கள் மட்டும் மிஞ்சின. அங்கே 1819-இல் ஒரு உத்தரவு போட்டார்கள். இந்தியர்களின் வழக்குகளை அவரவர் சாதி வழக்கப்படியே தீர்ப்பது என்று. கல்யாணம், சொத்து, வாரிசு எல்லாம் சாதி ஆசாரப்படி.

இந்த ஏற்பாட்டில் முதலில் விரிசல் விழுந்தது ஒரு ஜோடி செருப்பால். 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற கிறித்தவ வக்கீல் ஐரோப்பியர்களைப் போல பூட்சும் காலுறையும் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார். இந்தியன் இந்திய வழக்கப்படிதான் வரவேண்டும் என்று நீதிபதி தண்டித்தார். பொன்னுத்தம்பி பாரீசின் உச்ச நீதிமன்றம் வரை போனார். அங்கே அவருக்காக வாதாடியவர் ழூல் கோதேன். வழக்கு ஜெயித்தது. (அந்த கோதேன் பிற்பாடு பிரெஞ்சிந்தியாவின் செனட்டராகவே ஆனார்.) ஒரு மனிதன் தன் சாதி வழக்கத்தை விட்டு வெளியே வரலாமா என்பதுதான் அந்த வழக்கின் உள் விஷயம்.

அதற்குச் சட்டமாகவே பதில் வந்தது 1881 செப்டம்பர் 21-இல். இருபத்தோரு வயது நிரம்பிய எந்த இந்தியரும், ஆணோ பெண்ணோ, எந்தச் சாதியோ மதமோ, தம்முடைய 'சொந்த அந்தஸ்தை'த் துறக்கிறேன் என்று அதிகாரி முன்னால் எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்தால் அன்றிலிருந்து அவருக்கும், மனைவிக்கும், மைனர் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சு சிவில் சட்டம்தான். திரும்பப் பெற முடியாது. கூடவே ஒரு நிபந்தனை: தனக்கும் தன் சந்ததிக்கும் இனி எந்தக் குடும்பப் பெயர் என்பதை அந்தப் பத்திரத்திலேயே சொல்ல வேண்டும்.

நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பன் பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், பின்னால் பிள்ளை, முதலியார் என்று சாதி நிற்கும். இரண்டும் பிரெஞ்சுக் கணக்கில் சேராது. ஆகவே யோசித்துப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. பொன்னுத்தம்பி எடுத்தது லாப்போர்த். 'கதவு' என்று அர்த்தம். சிலர் ஞானஸ்நானப் பெயரையே குடும்பப் பெயராக்கினார்கள். சிலர் தமிழ்ப் பெயரைக் கொஞ்சம் வளைத்து பிரெஞ்சுக்காரர் வாய்க்கு வருகிற மாதிரி செய்துகொண்டார்கள். சிலர் நேராக பிரெஞ்சுச் சொல் ஒன்றையே எடுத்தார்கள். இவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர், துறந்தவர்கள் என்று அர்த்தம். துறந்ததில் பெரும்பாலோர் கிறித்தவர்கள். அவர்களிலும் தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள் அநேகம். காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. பெயரைச் சொன்னவுடன் "எந்தத் தெரு?" என்று கேட்கிற ஊரில், தெரு தெரியாத பெயர் ஒன்று கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? மேல்சாதி இந்துக்கள் பெரும்பாலும் ஒதுங்கி நின்றார்கள். சண்முக வேலாயுத முதலியார் இந்தச் சீர்திருத்தத்துக்கு எதிராகக் கட்சியே நடத்தினார். 1884-இல் வாக்காளர் பட்டியலை ஐரோப்பியர், துறந்தவர், மற்றவர் என்று மூன்றாகப் பிரித்தார்கள்.

சரி, பெண் குழந்தைக்கு இதில் என்ன? எனக்கு இந்தக் கதையில் அக்கறையே இந்த இடத்தில்தான்.

அப்பன் கையெழுத்துப் போட்டுவிட்டால் தொட்டிலில் கிடக்கிற மகளுக்கும் அந்தக் குடும்பப் பெயர். அவளை யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பெயரோடு ஒரு சொத்துச் சட்டமும் வந்தது. பிரெஞ்சு சிவில் சட்டத்தில் தகப்பன் சொத்து பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும். ஆண், பெண், மூத்தவன், இளையவன் என்ற வித்தியாசம் இல்லை. சாதி வழக்கத்தில் இருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ, அண்ணன் தம்பி இருந்தால் கல்யாணச் செலவும் சீரும்தான். ஒரே தெருவில், ஒரே குழம்பு சாப்பிட்டு, ஒரே தமிழ் பேசி வளர்ந்த இரண்டு பெண்களில், லாப்போர்த் மாதிரி பெயர் உள்ளவளுக்குப் பாதி வீடு. பொன்னம்மாளுக்கு நாலு பித்தளைப் பாத்திரம்.

இதை நம் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இல் வந்தது. அதிலும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை ஆண்களோடு நின்றது. தமிழ்நாட்டில் மகளுக்கும் அதில் பங்கு என்று 1989 மார்ச் 25-இல்தான் அமலானது. அதற்கு முன்னால் கல்யாணமானவர்களுக்கு இல்லை என்று ஒரு வாலும் இருந்தது. நாடு முழுவதற்கும் 2005. வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் வந்த குடும்பங்களை முப்பது வருஷம் பார்த்தவன் நான். மகள்களை வரவழைத்து "எனக்கு ஒண்ணும் வேணாங்க" என்று எழுதி வாங்குவதுதான் வழக்கமாக நடக்கும். எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே புளியமரத்தடியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கிடைக்காதது நூறு வருஷம் முன்னாலேயே எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் தொலைவில், பெயரை மாற்றிக்கொண்ட வீட்டுப் பெண்களுக்குக் கிடைத்திருந்தது என்பது எனக்கு லேசான விஷயமாகப் படவில்லை.

அதற்காக பிரெஞ்சுச் சட்டத்தை ஒரேயடியாகத் தூக்கி வைக்கவும் முடியாது. பங்கு கொடுத்த கையே வேறு பக்கம் பூட்டுப் போட்டது. கல்யாணமான பெண் புருஷன் சம்மதம் இல்லாமல் தன் சொத்தை விற்க முடியாது. பிரான்சில் இந்த விதி 1938 வரை இருந்தது. வாக்குரிமை பிரெஞ்சுப் பெண்களுக்கு வந்தது 1944-இல். நம் சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு 1921-லேயே கிடைத்துவிட்டது. சுதந்திரம், சமத்துவம் என்று உலகத்துக்கே பாடம் சொன்ன தேசத்தைவிட இதில் நாம் இருபத்து மூன்று வருஷம் முந்தி!

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். நம் பெண்களுக்குக் கல்யாணம் ஆனால் இனிஷியல் மாறும். ரேஷன் கார்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நான் எழுதிக் கொடுத்த சான்றுகளுக்குக் கணக்கே இல்லை. பிரெஞ்சுச் சட்டத்தில் பிறப்புப் பதிவில் இருக்கிற பெயர்தான் சாகிற வரைக்கும் பெயர். புரட்சிக் காலத்தில், 1794-இல் போட்ட சட்டம் அது. புருஷன் பெயரைப் புழக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் காகிதத்தில் பிறந்த வீட்டுப் பெயர் அழியாது. ரிஜிஸ்தர் எழுதினவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

குடும்பப் பெயர் பிரெஞ்சாகப் போனாலும் புதுச்சேரியில் வீட்டில் கூப்பிடுகிற பெயர் தமிழாக நின்றது உண்டு. எழுதும் முறைதான் பிரெஞ்சு. நம் 'உ' சத்தத்துக்கு அவர்கள் ஓ, யூ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் போடுவார்கள். அதனால்தான் புதுச்சேரிக்காரர்களின் பாஸ்போர்ட்டில் பெயர்கள் நமக்கு இத்தனை நீளமாகத் தெரிகின்றன. மறுபக்கம், அவர்களுடைய ஒரு சத்தத்துக்கு நாம் 'ழ' போடுகிறோம். ழான், ழாக், ழூல். இரண்டும் ஒரே சத்தம் இல்லை, ஆனால் அதைவிட்டால் நமக்கு வேறு எழுத்து இல்லை.

1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்தது. ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். மறுபடியும் ஒரு கையெழுத்து, மறுபடியும் தொட்டிலில் இருக்கிற குழந்தையின் தலையெழுத்து. அடுத்த வருஷம் இந்து திருமணச் சட்டத்தைப் புதுச்சேரிக்கு நீட்டித்தபோது, 'இது புதுச்சேரி ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது' என்று ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள். சட்டப் புத்தகம் வைத்திருப்பவர்கள் இரண்டாம் பிரிவை எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அது கப்பல் வழி. அங்கே எல்லாம் தலைகீழ்.

1848-இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் போயின. ஔரேலி என்ற கப்பல் 1853 மே மாதத்தில் மார்த்தினீக்குக்கும், அடுத்த வருஷம் டிசம்பரில் குவாதலூப்புக்கும் முதல் கூலிக் கூட்டத்தைக் கொண்டு சேர்த்தது. ரெயூனியன் தீவுக்கும் போனார்கள். 1861-இல் இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஒப்பந்தம் போட்டுக்கொண்ட பிறகு மதராஸ் மாகாணத்து ஜனங்களையும் சட்டப்படியே ஏற்றினார்கள்.

போன இடத்தில் தோட்டத்து ரிஜிஸ்தர் எழுதுகிறவர் "உன் பேர் என்ன?" என்பார். ராமசாமி என்பான். அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. முத்துசாமி, வீரப்பிள்ளை, சிதம்பரம், பழனியாண்டி எல்லாம் இன்றைக்கும் அந்தத் தீவுகளில் குடும்பப் பெயர்கள். பழனியாண்டி மட்டும் பஜனியாண்டி ஆகிவிட்டார்; 'ழ' படுத்திய பாடு. ஆனால் பிறந்த குழந்தைக்குச் சொந்தப் பெயர் வைப்பதில் கட்டுப்பாடு இருந்தது. 1803-இல் நெப்போலியன் காலத்தில் போட்ட சட்டப்படி, நாட்காட்டியில் இருக்கிற புனிதர் பெயர், இல்லாவிட்டால் பழைய சரித்திரத்தில் தெரிந்த பெயர், இரண்டைத் தவிர வேறு கூடாது. ஆகவே பெண் மரி ஆனாள், ழான் ஆனாள், லூயீஸ் ஆனாள், பின்னால் முத்துசாமி. புதுச்சேரியில் குடும்பப் பெயர் பிரெஞ்சு, கூப்பிடும் பெயர் தமிழ். தீவில் கூப்பிடும் பெயர் பிரெஞ்சு, குடும்பப் பெயர் தமிழ். புதுச்சேரிக்காரர் தானாகத் தேர்ந்தெடுத்தார். தீவுக்காரரை யாரும் கேட்கவில்லை.

பெயர் மாறியும் உரிமை வரவில்லை என்பதுதான் கொடுமை. குவாதலூப்பில் ஆன்றி சிதம்பரம் என்று ஒருவர் இருந்தார். அங்கேயே 1863-இல் பிறந்தவர். கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1904-இல் வழக்கில் இறங்கினார். கவர்னரே எதிர்த்து நின்றார். பத்தொன்பது வருஷம் இழுத்து, 1923-இல்தான் அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். புதுச்சேரியில் ஒரே பத்திரத்தில் முடிந்த காரியம்!

அந்த 1803-ஆம் வருஷத்து விதி 1993 ஜனவரி வரை சட்டமாக இருந்தது. கடைசிக் காலத்தில் கொஞ்சம் தளர்த்தினார்கள். இப்போது பெற்றோர் எந்தப் பெயரும் வைக்கலாம். குழந்தைக்குக் கெடுதல் என்று பட்டால் மட்டும் பதிவு அதிகாரி அரசு வக்கீலுக்கு எழுதுவார். ரெயூனியனில் மாரியம்மன் கோயிலும் தீமிதியும் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அங்கே சர்க்கார் காகிதத்தில் மரி என்று இருந்த பெண்ணுக்கு வீட்டிலும் கோயிலிலும் இன்னொரு பெயர், தமிழ்ப் பெயர், இருப்பது வழக்கம். பூசாரி அர்ச்சனைக்கு அந்தப் பெயரைத்தான் கேட்பார். தொண்ணூற்று மூன்றுக்குப் பிறகு பிறந்த பெண்களில் சிலருக்கு அந்தக் கோயில் பெயரே பதிவேட்டிலும் ஏறியிருக்கிறது.